மூச்சும் மறதியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

முதுமையில் மூளையின் நலம் காக்க மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும் என்பது பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். மருத்துவர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்றேன். "மருத்துவர் பேசினால் நாங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம், நீர் பேசினால் குறுக்குக் கேள்வி கேட்போம்" என்றார் செயலாளர். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்திக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். எனினும் என் மேசைக்கு வருவோரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். நவம்பர்த் திங்களில் வாழ்நாட் சான்று கொடுக்க வேண்டிய காலத்தில் அவர்கள் கூட்டம் மிகும். ஓய்வூதியக் கணக்கைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் மூன்றாவது கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "தம்பி, பிராணாயாமம் செய்தால் மறதி வராதாமே, மெய்தானா?" அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதற்கண் நம் நூல் மரபை நோக்குவோம். பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் எண்வகை யோகத்தை விரிக்கின்றார். உள்ளிழுப்பது பூரகம், அடக்குவது கும்பகம், வெளிவிடுவது இரேசகம். இவற்றிற்கு அவர் தரும் அளவு முறையே 16, 64, 32 மாத்திரை. மாத்திரை என்பது நமக்குப் புதிதன்று; கண்ணிமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியர் எழுத்துக்கு வகுத்த அளவே அது. எழுத்தை அளந்த கோலாலேயே மூச்சையும் அளந்தனர் நம் முன்னோர். இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆனால், 64 மாத்திரை மூச்சை அடக்குவது ஆசானிடம் பல்லாண்டு பயின்றவர்க்கு உரியது. 70 வயதில் குருதியழுத்த மாத்திரை உண்பவர் புத்தகத்தைப் பார்த்துச் செய்யத்தக்கதன்று. இரண்டு மாத்திரைகளும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

திருமூலர் தந்த அளவில் ஒரு நுட்பம் உண்டு. வெளிவிடும் நேரம் உள்ளிழுக்கும் நேரத்தைப்போல் இருமடங்கு. அடக்குவதை நீக்கிவிட்டு, நீண்ட வெளிமூச்சை மட்டும் வைத்துக்கொண்டாலும் உடலில் ஒரு மாறுதல் நிகழ்கின்றது. அஃது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விடத்தில்தான் பெரிய தவறான கருத்தொன்று நாடெங்கும் பரவியுள்ளது.

'ஆழ மூச்சிழுத்தால் மூளைக்கு மிகுதியான பிராணவாயு செல்லும், அதனால் நினைவாற்றல் வளரும்' என்று பலர் சொல்கின்றனர். கேட்பதற்கு இனிமையாயிருக்கின்றது, உண்மை அதுவன்று. மூளை நம் உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது கொள்கின்றது என்பது மெய்யே. ஆனால் நுரையீரல் நலமாயுள்ள ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும்போதே அவர் குருதி நூற்றுக்கு 95-க்கு மேல் பிராணவாயு ஏற்றிக்கொண்டுதான் ஓடுகின்றது. நிறைந்த வண்டியில் மேலும் எத்தனை பேரை ஏற்றுவது? அன்றியும், விரைந்து விரைந்து மூச்சு விட்டால் குருதியிலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அவ்வாயு குறையும்போது மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. மூளைக்குக் குருதி குறைகின்றது. தலை கிறுகிறுப்பதும், விரல் நுனி மரத்துப்போவதும், கண் இருள்வதும் அதனால்தான். இக்கிறுகிறுப்பைச் 'சக்தி ஏறுகின்றது' என்று மகிழ்ந்துகொள்பவர்களும் உளர்! முதியவர் அந்நிலையில் எழுந்து நின்றால் விழுவார், இடுப்பெலும்பு முறியும்.

அவ்வாறாயின் மெதுவான மூச்சினால் பயன் யாது? பயன் காற்றில் இல்லை, நரம்பில் இருக்கின்றது. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்புச் சற்று விரைகின்றது, வெளிவிடும்போது தணிகின்றது. தணிப்பது மூளையடியிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்பு. வெளிமூச்சை நீட்டினால் அந்நரம்பின் ஆட்சி மேலோங்குகின்றது. மேலும், கழுத்துக் குருதிக்குழாயிலும் இதயத்தருகிலும் அழுத்தத்தை அளந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்புமுனைகள் உள்ளன. சாதாரணமாக நாம் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றோம். அதனை 6 முறையாகக் குறைத்தால் அந்நரம்புமுனைகளின் கூர்மை மிகுகின்றது. குருதியழுத்தம் ஏறியிறங்கும்போது உடல் விரைந்து சரிசெய்துகொள்கின்றது.

இதில் நம் மட்டாஞ்சேரிக்கு மிகவும் பொருந்திய ஆய்வு ஒன்று உண்டு. லூச்சியானோ பெர்னார்டி என்னும் இத்தாலிய மருத்துவரும் அவர் தோழர்களும் 23 பேரை வைத்துச் செய்து, 2001-ல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டது அது. கத்தோலிக்கர் செபமாலையில் இலத்தீன் மொழியில் சொல்லும் மரியன்னை வாழ்த்தையும், பௌத்தர்கள் ஓதும் மந்திரம் ஒன்றையும் சொல்லச் சொல்லி மூச்சை அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முறைக்கு வந்து நின்றது! யாரும் அவர்களுக்கு எண்ணிக்கை கற்பிக்கவில்லை. ஓதுவதன் நீளமே மூச்சை அவ்வாறு அமைத்துவிட்டது. ஒரே கூப்பிடு தொலைவில் மாதா கோயிலும், கொங்கணியர் திருமலை தேவசுவமும், 1568-ல் எழுந்த யூதர் ஆலயமும், பள்ளிவாசல்களும், சமணர் கோயிலும் நிற்கின்ற இவ்வூரில், அந்திப்பொழுதில் எத்தனை மொழியில் எத்தனை வாய்கள் ஓதுகின்றன! அளந்து பார்த்தவர் எவரும் இல்லை எனினும், அங்கங்கே அமர்ந்து நிதானமாக ஓதும் முதியவர்கள் பயிற்சி என்ற பெயரே இல்லாமல் பயிற்சி செய்துகொண்டிருக்கின்றனர் என்று எண்ணுவதில் பிழையில்லை என்பது என் துணிபு. நம் வீட்டுப் பாட்டிமார் விளக்கேற்றியபின் தேவாரமோ திவ்வியப் பிரபந்தமோ பாடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தமிழ் வழங்கும் புதுச்சேரியிலும் இதுபற்றிய ஆய்வு நிகழ்ந்துள்ளது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் யோக ஆய்வு மையத்தார், உயர் குருதியழுத்தமுடையவர்களை ஐந்து நிமிடம் மட்டும், நிமிடத்திற்கு 6 என்ற கணக்கில் மூச்சு விடச் செய்து பார்த்தனர். அவ்வைந்து நிமிடத்திலேயே நாடித்துடிப்பும் மேல் அழுத்தமும் குறைந்தமை 2011-ல் வெளியிடப்பெற்றது. இதற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நடுவயதிலும் அதன் பின்னரும் குருதியழுத்தம் மிகுந்து நிற்பது மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கின்றது. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடத்தி 2019-ல் வெளியிட்ட பேராய்வொன்றில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே என்று நில்லாமல் 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் நினைவுத்தளர்ச்சியின் தொடக்கநிலை குறைவாகக் காணப்பட்டது. முற்றிய மறதிநோயைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. அங்கு அழுத்தத்தைக் குறைத்தது மருந்தே, மூச்சன்று. மூச்சு, மருந்துக்குத் துணை செல்லலாம். மருந்தின் நாற்காலியில் அதனை அமர்த்தலாகாது.

நிற்க. இனி நேராக வினாவுக்கு வருவோம். மூச்சுப் பயிற்சியும் உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும் முதியோர் நினைவாற்றலை வளர்க்குமா? மேனாட்டார் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று பெரிதும் பேசுவது, வருகின்ற மூச்சையும் எழுகின்ற எண்ணத்தையும் பகையோ நட்போ பாராட்டாமல் கவனித்திருக்கும் பழக்கம். பௌத்தர்களிடமிருந்து அதனைக் கற்று, மருத்துவமனைக்கு ஏற்ற எட்டு வாரப் பயிற்சியாக 1979-ல் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியவர் ஜான் கபாட்-சின் என்பார்.

இதற்குச் சார்பான ஆய்வுகள் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் முதியோர் இல்லங்களில் வாழ்வோர்க்கு ஆறு திங்கள் யோகம் கற்பித்து, நினைவாற்றல் முதலியவற்றில் முன்னேற்றம் கண்டதாக 2013-ல் எழுதினர். 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தார் 25 பேரை வைத்துச் செய்த 12 வார ஆய்விலும் அத்தகைய முடிவே வந்தது. இவையெல்லாம் சிறிய ஆய்வுகள். பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நினைவு குறைகின்றதே என்று கவலைப்பட்ட, 65 முதல் 84 வயதுள்ள 585 பேரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மேற்சொன்ன கவனப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி. ஒரு பிரிவுக்கு இரண்டும். மற்றொரு பிரிவுக்கு உடல்நலம் பற்றிய பாடம் மட்டும். ஆறு திங்கள் கழித்துச் சோதித்தனர். ஒன்றரையாண்டு வரை தொடர்ந்து நோக்கினர். பயிற்சி பெற்றவர்களின் நினைவாற்றல், பாடம் மட்டும் கேட்டவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை.

இம்முடிவை இவ்விழா மேடையில் சொல்வது சிலர்க்கு உவப்பாயிராது. யோகத்தைக் குறைத்துப் பேசுகின்றான் என்று கருதவும் கூடும். நான் குறைத்துப் பேசவில்லை. உறக்கம் வருவதற்கும், படபடப்புத் தணிவதற்கும், சினம் அடங்குவதற்கும் இப்பயிற்சி நல்லது என்பதை நானும் நாள்தோறும் காண்கின்றேன். ஆனால் மறதிநோய்க்கு இது மருந்து என்று எவரேனும் சொன்னால், அதற்குச் சான்று இல்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அது ஏன் என்பதற்கு ஒருவர் கதையைச் சொல்கின்றேன், பெயர் வேண்டா.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். கடைவீதி மிளகுக் கிட்டங்கியில் நாற்பதாண்டு கணக்கெழுதியவர். நூறு மூட்டையின் எடையை வாயாலேயே கூட்டிச் சொல்வார். எழுபதைக் கடந்ததும் சிறுசிறு மறதிகள் வந்தன. 'வயதானால் அப்படித்தான்' என்றனர் வீட்டார். பின்னர்த் தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாள்தோறும் காலையில் கபாலபாதி என்னும் விரைமூச்சைச் செய்யவைத்தனர். ஓராண்டு சென்றது. ஒருநாள் மாலை, பணி முடிந்து படகுத்துறையில் இறங்கினேன். அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, நான் போகிறேனா, வருகிறேனா?" என்று கேட்டார். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். அதன்பின்னரே மருத்துவரிடம் கொண்டுசென்றனர். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்து, இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோய் என்று தெரிந்தது. முன்பே வந்திருந்தால் நோயை நீக்கியிருக்க முடியாது. ஆனால் பணம், பத்திரம், மருந்து, யார் துணையிருப்பது என்பவற்றையெல்லாம் அவரையே கேட்டு ஒழுங்கு செய்திருக்கலாம். அவர் சொல் அவருக்குரியதாயிருந்த ஓராண்டு மூச்சாகவே போய்விட்டது.

மறதிகள் எல்லாம் அந்நோய் அல்ல என்பதும் அறியத்தக்கது. பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டுச் சுரப்பியின் தளர்ச்சி, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு இவற்றாலும் நினைவு தடுமாறும், கண்டுபிடித்தால் சீராகும். கண்டுபிடிக்க மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறக்குறைய 88 இலட்சம் பேர், மறதிநோயுடையவர்கள் என்பது 2023-ல் வெளிவந்த கணக்கு. கேரளமோ முதியோர் மிகுந்த நாடு. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே நூற்றுக்கு 12.6 பேர் 60-ஐக் கடந்தவர்கள். இந்நோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவும் அகில இந்தியச் சங்கம் 1992-ல் இக்கேரளத்திலேதான் தோன்றியது. மலையாள அன்பர்கள் 'மறவிரோகம்' என்று வெளிப்படையாகப் பேசப் பழகிவிட்டனர். நம்மவரே இன்னும் மூடிமூடி வைக்கின்றனர்.

அப்பெரியவர் கதையில் இன்னும் ஒன்று உண்டு. அவருடைய மலையாளம் முதலிற் போயிற்று. ஐம்பதாண்டு கடையில் பேசிய மொழி! எஞ்சியது நெல்லைச் சீமையில் தாயிடம் கேட்ட தமிழ் மட்டுமே. பேரப்பிள்ளைகளுக்கோ மலையாளமும் ஆங்கிலமும்தான் வரும். "தாகமா இருக்கு" என்று அவர் சொன்னால் அக்குழந்தைகள் விழித்தன. பின்கற்ற மொழி முன்னே மறைவது இந்நோயில் மருத்துவர்கள் பலரும் கண்டிருப்பது. ஆதலின் புலம்பெயர்ந்த நமக்கு ஓர் எச்சரிக்கை: நம் முதியவரை நினைவுச் சோதனைக்கு அழைத்துச் சென்றால், மலையாளத்தில் கேட்கப்படும் கேள்விக்கு அவர் விழிப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவிடாதீர்கள், தமிழறிந்த ஒருவர் உடனிருந்து தமிழிலும் கேட்கச் செய்யுங்கள்.

இதன் மறுபக்கம் மகிழ்ச்சிக்குரியது. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி என்னும் மருத்துவரும் பிறரும் 648 மறதிநோயாளர்களை ஆராய்ந்து 2013-ல் எழுதினர். ஒரே மொழி பேசியவர்களைவிட இரு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தி வந்திருந்தது, எழுத்தறியாதவர்களிடமும் அவ்வாறே. தமிழும் மலையாளமும், கடைவீதிக்காரராயின் கொங்கணியும் குஜராத்தியும் சிறிது பேசும் நம்மவர் வாய்க்கு இஃது ஒரு நற்செய்தி. நோயைத் தடுத்துவிடும் என்று கொள்ளற்க.

லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் 14 காரணங்களை எடுத்துக்காட்டி, அவற்றைச் சீர்செய்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. குருதியழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகை, மது, காற்றுமாசு, உடலுழைப்பின்மை, பார்வைக் குறை என்று அப்பட்டியல் நீளுகின்றது. அதில் மூச்சுப் பயிற்சி இல்லை; செவிக்குறையும் தனிமையும் உள்ளன. கோட்டைக் கொச்சி வேளியில் 1976-ல் கட்டிய வண்ணான்துறையில், டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் வந்ததாகச் சொல்லும் தமிழ்க் குடும்பத்தார் இன்றும் கையாலேயே துணி வெளுக்கின்றனர். ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஓசையுடன் மூச்சு வெளிவருகின்றது. உழைப்பும் உண்டு, பேச்சும் உண்டு, தமிழும் உண்டு. அடுக்குமாடிக் கதவுக்குள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்க்கு இம்மூன்றும் இல்லை. அவர்க்குத் தனி அறையில் மூச்சு மட்டும் கற்பித்து என் செய்வது?

பயிற்சியை விரும்புவோர்க்கு எளிய முறை சொல்கின்றேன். தரையில் சம்மணமிட வேண்டிய கட்டாயமில்லை. முதுகு சாயும் நாற்காலி போதும். வாயை மூடி மூக்கால் நான்கு எண்ணும் நேரம் உள்ளிழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளிவிடுக. எண்ணுவது வினாடிக்கு ஒன்று. அடக்க வேண்டா. பத்து நிமிடம் போதும். எண்ணம் ஓடினால் ஓடட்டும். திரும்பி மூச்சுக்கு வருக. கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுக; உடனே எழுந்து நிற்காதீர். நெஞ்சுநோய், ஆஸ்துமா, கண்ணழுத்த நோய், குடலிறக்கம் உடையோர் விரைமூச்சையும் மூச்சடக்கலையும் அறவே விடுக. மெதுமூச்சையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகம் ஞாயிறு மாலை பூட்டிக்கிடக்கின்றது. அதனை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை முதியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. எஞ்சிய நேரம் ஒருவர் உரக்க, நிறுத்தி நிறுத்தித் தமிழில் ஏதேனும் படிக்க மற்றவர் கேட்டுப் பேசலாம். காது கேளாதவர் முன்வரிசையில் அமரட்டும். முதுகுசாயும் நாற்காலிகள் பன்னிரண்டு இருக்கின்றன. குருதியழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று மட்டும் வாங்க வேண்டும். வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட இளைஞர் நால்வர் தேவை. படிப்பவர் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்க. சனிக்கிழமை இரவுப்பணி விழும் வாரங்களில் மட்டும் வேறொருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.